குமரப் பருவ மாணாக்கரின் மனநலமும் வகுப்பாசிரியரும்

ஜூன் மாதம் முதல் தேதியன்று, மழையோடு மழையாகப் பள்ளிக்கூடங்கள் திறப்பது கேரளத்தின் நெடுநாளைய வழக்கம். 2020-ஆம் ஆண்டில் அவ்வழக்கம் தடைப்பட்டது. தொற்றுநோயின் காரணமாகப் பள்ளிக் கதவுகள் சாத்தியே இருந்தன. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனத்தின் விக்டேர்ஸ் தொலைக்காட்சி வாயிலாக, முதல் மணி என்று பொருள்படும் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரில், பாடங்கள் அன்றே ஒளிபரப்பாகத் தொடங்கின. பாடம் நின்றுவிடவில்லை. ஆனால் மாணாக்கர் முகத்தை ஆசிரியர் காண்பது நின்றுவிட்டது.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் ஒரு துயரமான எண்ணை வெளியிட்டார். மார்ச் 25-ஆம் தேதிக்குப் பின்னர் மாநிலத்தில் பதினெட்டு வயது நிரம்பாத 66 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர் என்பதே அது. காரணங்களை ஆராய, அப்போது தீயணைப்புத் துறையின் தலைவராயிருந்த ஆர். ஸ்ரீலேகா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜூலை 12-ஆம் தேதி, மாணவர் போலீஸ் கேடட் திட்டத்தைச் சார்ந்து, சிறுவர் சிறுமியர் தம் மனக்குறையைச் சொல்லி ஆறுதல் பெறுவதற்கென ‘சிரி’ என்னும் தொலைபேசிச் சேவையும் ஏற்பட்டது. மலையாளத்திலும் தமிழிலும் ஒரே பொருளைத் தரும் அச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

மேற்கூறிய எண்ணைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். ஓர் இளம் உயிர் மாய்வதற்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. கைப்பேசியைப் பிடுங்கியதால், மதிப்பெண் குறைந்ததால், தாய் கடிந்துகொண்டதால் என்று செய்தித்தாள்கள் எழுதுவது கடைசி நாளில் நிகழ்ந்ததை மட்டுமே. அதற்கு முன் பல வாரங்களாக, சில சமயம் பல மாதங்களாக, உள்ளே நடந்துவந்தது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். பள்ளி நடக்கும் காலத்தில் ஒரு குழந்தையைப் பெற்றோருக்கு அடுத்தபடியாக நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் ஆசிரியரே. 2021 நவம்பர் முதல் தேதி கேரளத்தின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, அந்தப் பார்வையும் திரும்பக் கிடைத்தது. அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பருவத்தின் இயல்பு

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார ஸ்தாபனம் குமரப் பருவம் என வரையறுக்கின்றது. உடலில் தோன்றும் மாறுதல்களை எல்லோரும் காண்கின்றனர். மூளையில் நிகழும் மாறுதல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சம், கோபம், கிளர்ச்சி, வெகுமதியின் ஆசை ஆகியவற்றை எழுப்பும் உட்பகுதிகள் இப்பருவத்தின் தொடக்கத்திலேயே மிகுந்த சுறுசுறுப்பு அடைகின்றன. அவற்றை அடக்கி, பின்விளைவை எண்ணிப் பார்க்கச் செய்யும் முன்மூளைப் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முழு வளர்ச்சி எய்துகின்றது. இரண்டிற்கும் இடையிலுள்ள இக்கால வேற்றுமையே, நேற்று வரை பணிவாயிருந்த மாணவன் இன்று ஒரு சிறு சொல்லுக்குப் பொங்கியெழுவதற்குப் பெரும்பகுதி விளக்கமாகும். தன்னொத்த வயதினர் தன்னை எவ்வாறு மதிக்கின்றனர் என்பது இவ்வயதினருக்கு உணவைப் போல் முக்கியமானது. தனியறையில் சொன்னால் எளிதாக ஏற்றுக்கொள்ளும் கண்டிப்பை, நாற்பது பேர் முன்னிலையில் சொன்னால் அவர்களால் தாங்க முடிவதில்லை.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உறக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு, இப்பருவத்தில் இரவில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் தாமதமாகவே ஊறத் தொடங்குகின்றது. ஆகவே இரவு பதினொரு மணிக்கும் உறக்கம் வராமல் விழித்திருப்பதும், காலையில் எழுப்ப எழுப்ப எழாமலிருப்பதும் இயற்கையே. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது வைத்திய நிபுணர்களின் கருத்து. விடியற்காலை ஆறு மணிக்கு டியூஷன், பின்னர் பள்ளி, மாலையில் மீண்டும் டியூஷன், இரவில் கைப்பேசி என்று ஓடும் நாளில் இத்தனை மணி நேரம் எங்கிருந்து வரும்? முதல் பாடவேளையில் கண் சொருகும் மாணவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவன் நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேட்டறிவது நல்லது. உறக்கக் குறைவு மனச்சோர்வை வளர்க்கின்றது. மனச்சோர்வு திரும்பவும் உறக்கத்தைக் கெடுக்கின்றது.

உலக அளவில் இவ்வயதினருள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு உள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகின்றது. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயதினரில் 7.3 சதவீதத்தினரிடம் இத்தகைய கோளாறுகளைக் கண்டது. அளக்கும் முறை வேறானதால் எண்களும் வேறாகின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறக்குறைய மூவர் என்றாகின்றது. மூத்த வயதில் காணப்படும் மனக்கோளாறுகளில் பாதி, பதினான்கு வயதிற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றன என்பதையும் இதனோடு சேர்த்து நினைக்கவேண்டும். எட்டாம் வகுப்பு ஆசிரியரும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரும், தாம் அறியாமலே, மிகவும் இன்றியமையாத இடத்தில் நின்றுகொண்டிருக்கின்றனர்.

எவற்றைக் கவனிப்பது

வகுப்பில் அடங்காத மாணவனை எல்லோரும் கவனிக்கின்றனர். அவன் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படுகின்றான், பெற்றோர் வரவழைக்கப்படுகின்றனர், எப்படியோ அவனைப் பற்றி ஒரு பேச்சு எழுகின்றது. எவருக்கும் தொல்லை தராமல் கடைசி வரிசைக்கு மெல்ல நகர்ந்துவிட்ட மாணவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ‘நல்ல அடக்கமான பெண்’ என்று அறிக்கையில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குச் செல்வது வழக்கம். வகுப்பாசிரியரின் கண் முதலில் பழகவேண்டியது இத்தகைய அமைதியைத்தான்.

இதற்குரிய அளவுகோல் எளிது. ஒரு மாணாக்கரை மற்றொருவரோடு ஒப்பிடலாகாது. அதே மாணாக்கரின் முந்தைய நிலையோடு ஒப்பிடுதல் வேண்டும். இயல்பாகவே பேச்சுக் குறைந்த பிள்ளை பேசாதிருப்பதில் பொருளில்லை. கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால் பொருளுண்டு. கையெழுத்து குலைதல், வீட்டுப்பாடம் பாதியில் நிற்றல், பகலுணவுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே வீடு திரும்புதல், இணைபிரியாதிருந்த தோழியை விட்டு விலகி உட்காருதல், விளையாட்டு வேளையில் நூலகத்தில் ஒளிந்துகொள்ளுதல், முழுக்கைச் சட்டையை வெயிலிலும் மடக்காதிருத்தல் ஆகியவை தனித்தனியே சிறு செய்திகளே. அவை சேர்ந்து வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ உறவையோ பாதிக்கத் தொடங்கினால் கவனம் அவசியமாகின்றது. திங்கட்கிழமை தோறும் வரும் தலைவலியும், கணக்குத் தேர்வன்று வரும் வயிற்றுவலியும் பொய் நோய்கள் அல்ல. மனத்தின் சுமை உடலின் வாயிலாகப் பேசும்போது வலி உண்மையாகவே உண்டாகின்றது. வருகைப் பதிவேட்டை மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், யார் எந்தக் கிழமையில் வரவில்லை என்று ஒருமுறை புரட்டிப் பார்த்தால், பல செய்திகள் தாமே வெளிப்படும்.

திருவனந்தபுரம் போன்ற நகரில் மொழியும் ஒரு திரையாகலாம். சாலைக் கடைவீதியை அடுத்த பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குத் தமிழ்வழிப் பள்ளியும் உண்டு. ஆனால் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். வீட்டில் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, வகுப்பில் அதையே வேறொரு மொழியில் சொல்ல நா எழுவதில்லை. எம்மொழியாயினும் இன்றைய பிள்ளைகள் அனைவரும் சொல்லும் ஒரு சொல் ‘டென்ஷன்’ என்பது. அது அச்சமாகவும் இருக்கலாம். வெட்கமாகவும், வீட்டுச் சண்டையாகவும், பசியாகவும் இருக்கலாம். ‘டென்ஷன் என்றால் உனக்கு எப்படி இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறதா, அழுகை வருகிறதா?’ என்று ஆசிரியர் ஒருபடி மேலே கேட்டால்தான் உண்மை தெரியும்.

துக்கத்தால் வரும் மாறுதலை நோயாகக் கருதிவிடலாகாது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது, பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. சில வீடுகளில் உடலும் கிடைக்கவில்லை. தந்தை இறந்தார் என்று நம்புவதா, வருவார் என்று காத்திருப்பதா என்று அறியாத பிள்ளைக்கு வேண்டியவை நேரமும், வழக்கமான நாள்முறையும், தன்னிடம் இயல்பாகப் பேசும் ஒரு பெரியவருமே ஆகும். ‘அழாதே, நீதானே இனிக் குடும்பத்துக்கு ஆண்பிள்ளை’ என்று பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் சொல்வது, ஆறுதலாகத் தோன்றினும், அவன் தோளில் மற்றொரு பாரத்தை ஏற்றுவதேயாகும். மாதங்கள் சென்றும் துக்கம் தணியாமல் படிப்பையும் உணவையும் விட்டுவிடும் நிலை வந்தால் மட்டுமே வைத்திய உதவியை நாடவேண்டும்.

பேசும் முறை

ஐயம் தோன்றியபின் ஆசிரியர் என்ன செய்யவேண்டும்? முதற்கண், வகுப்பின் நடுவில் கேட்கலாகாது. ஆசிரியர் அறைக்கு ஆள்விட்டு அழைப்பதும் தவறே. அங்குச் செல்வது தண்டனைக்குரியது என்றே எல்லாப் பிள்ளைகளும் கருதுகின்றனர். விளக்கப்படத்தை எடுத்து வைக்கவோ, நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவரவோ உடன் அழைத்து, நடந்துகொண்டே பேசுவது எளிது. பிறர் பார்வையில் இருந்து, பிறர் செவிக்கு எட்டாத தாழ்வாரம் பொருத்தமான இடம்.

‘தம்பி, இரண்டு வாரமாக நீ முன்போல் இல்லை. மதியம் சாப்பிடுவதும் இல்லை. ஏதாவது மனசைப் போட்டு வாட்டுகிறதா?’ என்று கண்டதை மட்டும் சொல்லிக் கேட்டால் போதும். ‘உனக்கு என்ன குறை?’ என்று தொடங்குவதும், ‘உன் வயதில் நான் பட்ட பாடு தெரியுமா?’ என்று தொடர்வதும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். ‘ஒன்றுமில்லை, டீச்சர்’ என்ற விடையே முதலில் வரும். வற்புறுத்தவேண்டியதில்லை. ‘சரி, எப்போது சொல்லத் தோன்றினாலும் சொல்’ என்று கூறி, மூன்று நாள் கழித்து மறவாமல் மீண்டும் கேட்கவேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போதுதான், முதல்முறை கேட்டது வெறும் சடங்கன்று என்று பிள்ளை நம்புகின்றது.

சொல்லத் தொடங்கிய பின்னர், அறிவுரை கூறும் ஆவலை ஆசிரியர் அடக்கவேண்டியிருக்கும். விளக்குவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது மிகவும் கடினமான செயலே. பிள்ளை கூறியதைத் தம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, ‘நான் புரிந்துகொண்டது சரிதானா?’ என்று கேட்பது நூறு அறிவுரைக்கு ஈடாகும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்து தருவது கூடாது. ‘உன் பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்லுமுன் உன்னிடம் தெரிவிப்பேன்’ என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.

வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் பல ஆசிரியர்கள் திகைத்துப்போகின்றனர். அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போலாகுமோ என்ற அச்சமே காரணம். இவ்வச்சத்தை விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர். நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணாக்கரிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆராய்ச்சியில், இவ்வினாவைக் கேட்கப்பெற்றவர்களின் மனவேதனையோ அத்தகைய எண்ணமோ கேட்கப்பெறாதவர்களைவிட மிகவில்லை என்பது கண்டறியப்பட்டது. முன்னரே துயரில் இருந்தவர்களுக்கு அது ஓரளவு ஆறுதலாகவும் அமைந்தது. ஆகவே அமைதியாக, நேராகவே கேட்கலாம்: ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ ஆம் என்ற விடை வந்தால், அப்பிள்ளையைத் தனியே விடலாகாது. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றே அறிவித்து, அன்றே வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்யவேண்டும். மாலை மணி அடித்ததும் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது பெரும் பிழையாகும்.

ஆசிரியர் மேல் எவ்வளவு சுமத்தலாம்

இத்தனையும் படித்தபின், பாடம் நடத்துவதோடு மனநல வைத்தியமும் ஆசிரியரே பார்க்கவேண்டுமா என்ற கேள்வி எழுவது நியாயமே. விடை, கூடாது என்பதே. இதற்குச் சான்றும் உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் ‘சேஹர்’ என்னும் பெயரில் ஒரு பெரும் சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2018-இல் வெளியாயின. மனக்குறையை எழுதிப் போடும் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், தனி ஆலோசனை ஆகியவை அடங்கிய ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் இதற்கெனவே நியமிக்கப்பட்ட, பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்தினார். வேறு சில பள்ளிகளில் அங்குப் பணியாற்றும் ஆசிரியரே கூடுதல் பணியாக நடத்தினார். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளியின் சூழல் சீர்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, மாணாக்கர் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை காணப்படவில்லை.

ஐரோப்பாவிலும் இதை ஒட்டிய முடிவே கிடைத்தது. பத்து நாடுகளின் 168 பள்ளிகளில் 11,110 மாணாக்கரைக் கொண்டு நடத்தி, 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணாக்கர் தாமே பேசியும் நடித்தும் தம் மனநிலையைப் பற்றிக் கற்றுக்கொள்ளும் வகுப்புகள் ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகளைக் குறைத்தன. ஆபத்தின் அறிகுறிகளை அறிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது மட்டுமே அத்தகைய பயனைத் தரவில்லை.

இவற்றைக் கண்டு ஆசிரியர் மனந்தளர வேண்டியதில்லை. ஆயினும் அதிகாரிகள் சிந்திக்கவேண்டியதுண்டு. மதிப்பெண் இடுபவரிடமே மனத்தைத் திறப்பது மாணாக்கருக்கு எளிதன்று. விடைத்தாள், கணக்கெடுப்பு, தேர்தல் பணி, பகலுணவுப் பதிவேடு ஆகிய எல்லாவற்றுக்கும் மேல் ஏற்றப்படும் பணி, தாளில் மட்டுமே நடக்கும். ஆலோசகர் பணி ஆலோசகருக்கே உரியது. ஆசிரியர் செய்யக்கூடியதும், வேறெவராலும் செய்ய முடியாததும், கண்டறிவதும், முதற்செவி கொடுப்பதும், தக்கவரிடம் சேர்ப்பதும், வகுப்பின் காற்றைக் கெடாமல் வைத்திருப்பதுமே ஆகும்.

வகுப்பின் காற்று

இக்கடைசிச் செயல் சிறியதாகத் தோன்றும்; பயனில் அதுவே பெரிது. விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, உயர்ந்ததிலிருந்து தாழ்ந்தது வரை பெயர்சொல்லிக் கொடுக்கும் வழக்கம் பல வகுப்புகளில் இன்னும் மறையவில்லை. கடைசித் தாளுக்காகக் காத்திருக்கும் மாணவனுக்கு அந்தப் பத்து நிமிடம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கேரளத்தில் 2005-ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வில் மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை வழங்கும் முறை வந்தது. ஒரு மதிப்பெண்ணுக்காக நடந்த போராட்டத்தைக் குறைக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. இப்போதோ எல்லாப் பாடத்திலும் ‘ஏ பிளஸ்’ பெற்றவர்களின் படங்கள் ஃபிளெக்ஸ் பலகைகளில் கவலை தோறும், அதாவது நாற்சந்தி தோறும், சிரிக்கின்றன. ஒரு பாடத்தில் ‘ஏ’ பெற்ற பிள்ளை, தன் படம் இல்லாத அப்பலகையைத் தாண்டியே நாள்தோறும் போகவேண்டியிருக்கின்றது. பள்ளியின் வாயிலில் எத்தகைய பலகை வைப்பது என்பது தலைமையாசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயமே.

தேர்வில் தவறியவர்கள் அவ்வாண்டிலேயே மீண்டும் எழுதி மேல்வகுப்பில் சேர வழிசெய்யும் ‘சே’ தேர்வு கேரளத்திலும், உடனடித் தேர்வு தமிழ்நாட்டிலும் உள்ளன. ஓராண்டு வீணாகும் என்ற அச்சமே பல பிள்ளைகளை நிலைகுலையச் செய்வதால், இத்தேர்வைப் பற்றி முடிவுகள் வெளியாவதற்கு முந்தைய வாரத்திலேயே வகுப்பில் இயல்பாக எடுத்துச் சொல்லிவிடவேண்டும். முடிவுகள் வந்தபின், அச்செய்தி அது தேவைப்படும் பிள்ளையின் காதில் ஏறாது. முடிவு வெளியாகும் நாளன்று, தவறக்கூடும் என்று கருதும் நாலைந்து மாணாக்கரின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் தொலைபேசியில் பேசிவிடுதல் மிகவும் நன்று.

அடித்தலும், மனத்தைப் புண்படுத்துதலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடுக்கப்பட்டவை என்பதை ஆசிரியர் அறிவர். உடலில் விழும் அடியை நிறுத்திவிட்டவர்களும் சொல்லால் அடிப்பதை நிறுத்துவதில்லை. திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில் 1870-ஆம் ஆண்டில் தோன்றிய மனநல மருத்துவமனை உள்ளது. அவ்வூரின் பெயர் கேரளத்தின் வகுப்பறைகளில் கேலிச் சொல்லாகப் பயன்படுகின்றது. சென்னைப் பிள்ளைகள் கீழ்ப்பாக்கத்தின் பெயரைக் கொண்டு செய்வதைப் போலவே. ஒரு மாணவன் மற்றொருவனை அப்பெயரால் அழைக்கையில் ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டால், அன்று அவ்வகுப்பில் உதவியை நாட எண்ணியிருந்த பிள்ளை தன் வாயை மூடிக்கொள்ளும். அது வயிற்றுநோய்க்கு மருத்துவமனை இருப்பது போன்ற ஒன்றுதான் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வது போதுமானது.

எங்கே அனுப்புவது

கேரளத்தில் மகளிர், குழந்தைகள் வளர்ச்சித் துறையின் கீழ்ப் பல அரசுப் பள்ளிகளில் உளசமூக ஆலோசகர்கள் பணியாற்றுகின்றனர். மேல்நிலைப் பள்ளிகளில் ‘சௌஹ்ருத’ மன்றங்கள் உள்ளன. ஓர் ஆசிரியர் அவற்றின் ஒருங்கிணைப்பாளராயிருப்பார். மத்திய அரசாங்கம் 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர், கூடியவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சுகாதாரத் தூதர்களாகப் பயிற்சி பெறுவர். அதன் பதினொரு பொருள்களில் மனநலமும் ஒன்று. ஆலோசகரால் இயலாதவற்றுக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ முகாம்களும், திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையும், அவ்வளாகத்திலேயே உள்ள குழந்தைகள் வளர்ச்சி மையமும் இருக்கின்றன. தொலைபேசியில் உதவி பெறுவதற்கு நாடெங்கும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணும், கேரளத்தில் 1056 என்ற ‘திஷா’ எண்ணும், குழந்தைகளுக்கென 1098-உம் உள்ளன. இவ்வெண்களை அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால், அதன் முன் நின்று எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் கூசுவர். எல்லோருடைய நாட்குறிப்பேட்டிலும், பேருந்து நேரம் முதலியவற்றோடு சேர்த்து எழுதச் செய்வது மேல்.

பாலியல் துன்பத்தைப் பற்றிப் பிள்ளை ஏதேனும் சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு வேறு வழி இல்லை. 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அதை அறிந்த எவரும் போலீசாருக்கு அறிவிக்கவேண்டும் என்கின்றது. அறிவிக்காதிருத்தல் குற்றமாகும். பள்ளியின் பெயர் கெடும் என்று தலைமையாசிரியர் தயங்கினாலும் இக்கடமை நீங்குவதில்லை. தற்கொலைக்கு முயன்றவரைப் பற்றியோ சட்டம் பரிவு காட்டுகின்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார்; மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டனை கிடையாது. போலீஸ் வழக்குக்கு அஞ்சி வைத்திய உதவியைப் பெற்றோர் மறைத்துவிட முற்பட்டால், ஆசிரியர் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

பெற்றோரிடம் பேசுவதே இவற்றுள் கடினமான பகுதி என்று சொல்லவேண்டும். ‘உங்கள் மகளுக்கு மனநோய்’ என்று ஆசிரியர் ஒருபோதும் கூறலாகாது. நோயின் பெயரைச் சூட்டுவது வைத்தியரின் வேலை. ‘அம்மா, பிள்ளை மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தோழிகளோடு சேரவில்லை, ஒருமுறை ஆலோசகரைப் பார்த்தால் நல்லது, நானும் உடன் இருக்கிறேன்’ என்று கண்டதைக் கண்டவாறு சொன்னால், பெரும்பாலான தாய்மார் தாமும் அதையே கவனித்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வர். வீட்டிலேயே துன்பத்தின் மூலம் இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தால், பெற்றோரை அழைக்குமுன் ஆலோசகரைக் கலந்துகொள்ளவேண்டும்.

சிகிச்சைக்குப் பின் வகுப்புக்குத் திரும்பும் நாள் அப்பிள்ளைக்கு மீண்டும் ஒரு சோதனையாகும். எங்கே போயிருந்தாய் என்று நாற்பது பேரும் கேட்பர். அதற்கு என்ன விடை சொல்வது என்பதை, முதல்நாளே பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசி முடிவு செய்துவிடலாம். ‘உடம்பு சரியில்லாதிருந்தது’ என்பதே போதும், அது பொய்யும் அன்று. பழைய இடத்திலேயே, பழைய தோழியின் அருகிலேயே இருக்கை இருக்கட்டும். மருந்தின் காரணமாகச் சில வாரங்கள் பகலில் தூக்கம் வரக்கூடும் என்பதை மற்றப் பாட ஆசிரியர்களுக்கு, நோயின் பெயரைச் சொல்லாமலே, தெரிவித்துவிடவேண்டும். விடுபட்ட பாடங்களின் நோட்டுகளை யார் கொடுப்பது, அரையாண்டுத் தேர்வில் எந்தப் பாடங்களை எழுதுவது, எவற்றைத் தள்ளிவைப்பது என்பவற்றையும் ஆசிரியர் முன்னதாகவே ஒரு தாளில் எழுதி, வந்த அன்று காலையில் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம்.